கண்ணாடியைக் கழற்ற ஓர் அறுவை சிகிச்சை: எந்த லேசர் என்று கேட்பதற்கு முன்

கல்லூரி முடித்துவிட்டு ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பையன். தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்த வீட்டுப் பெண். பத்து வயதிலிருந்து சுமந்த தடித்த கண்ணாடியை இனியாவது இறக்கி வைக்க நினைக்கும் ஆசிரியை. சேலத்தில் கண் மருத்துவரிடம், லேசரால் பார்வையைச் சரிசெய்யும் லேசிக் சிகிச்சை பற்றி விசாரிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்று வகையில் அடங்கிவிடுவார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: எந்த லேசர் நல்லது, எவ்வளவு ஆகும்?

இந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேட்டால் போதும் என்பது என் கருத்து. முதலில் தெரிய வேண்டியவை வேறு. கருவிழி எவ்வளவு தடிமன், அதன் வடிவம் சீராக இருக்கிறதா, வயது என்ன, அந்தக் கண் நாள் முழுவதும் எந்தத் தூரத்தைப் பார்த்து வேலை செய்கிறது? கடைசியில் சொன்னதைப் பலரும் கேட்பதே இல்லை. வெள்ளிப் பட்டறையும் தறியும் லாரியும் சோறு போடும் இந்த ஊரில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கண்ணின் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வெளிச்சத்தை வளைத்து விழித்திரையில் குவிக்கக் கண்ணுக்கு மொத்தம் ஏறத்தாழ 60 டயாப்டர் திறன் வேண்டும். கண்ணாடிச் சீட்டில் பவர் என்று எழுதுவதும் இந்த டயாப்டர் அளவைத்தான். அதில் 43 அளவுக்குக் கருவிழியே தருகிறது. கைக்கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடியைப் போலக் கண்ணின் முன்னால் பதிந்திருக்கும் ஒளிபுகும் சவ்வு அது. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம், சராசரியாக 540 மைக்ரான். மீதித் திறனை உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸ் தருகிறது. விழிக்கோளத்தின் நீளம் சராசரியாக 24 மில்லிமீட்டர். வளரும் வயதில் அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டுவிட்டால் மைனஸ் இரண்டரை முதல் மூன்று வரை பவர் வந்துவிடும். அதுதான் கிட்டப்பார்வை. கருவிழி ஒரு திசையில் மட்டும் அதிகமாக வளைந்திருந்தால் வருவது சிலிண்டர் பவர்.

இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. லேசர் மாற்றுவது முன்னால் இருக்கும் கருவிழியின் வளைவை மட்டுமே. நீண்டுபோன விழிக்கோளம் நீண்டதாகவே இருக்கும். அதனுள் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் மெலிந்தே இருக்கும். மைனஸ் 8 பவர் உள்ளவர் சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில்லாமல் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். ஆனால் விழித்திரை கிழியும் வாய்ப்பு அவருக்கு முன்பிருந்த அளவிலேயே நீடிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். திடீரென்று கண்முன் மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

லேசரின் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சினார். சுற்றியிருந்த திசு கருகாமல், மிகத் துல்லியமாக வெட்டு விழுந்தது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புற ஊதாக் கதிர், பட்ட இடத்தைச் சூட்டால் எரிப்பதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அடுக்கை மட்டும் எடுக்கிறது. கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் இதைக் கருவிழிக்குக் கொண்டுவரலாம் என்று கண்டு சீனிவாசனோடு சேர்ந்து உழைத்தார். இன்று உலகெங்கும் லேசிக்கில் பயன்படுவது அந்தக் கதிர்தான்.

அதைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு. முதலில் வந்தது பிஆர்கே. கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாக லேசர் கொடுப்பார்கள். மேல்தோல் மூன்று முதல் ஐந்து நாளில் திரும்ப வளர்ந்துவிடும். அதுவரை வலிக்கும், கண் கூசும், நீர் வடியும். பார்வை தெளியச் சில வாரங்கள் ஆகும். அடுத்து வந்த லேசிக்கில், கருவிழியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 110 மைக்ரான் தடிமனில் ஒரு மெல்லிய மடலை வெட்டி, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி திறந்து, அடியில் லேசர் கொடுத்துவிட்டு மடலை மூடிவிடுவார்கள். மறுநாள் காலையிலேயே பார்வை தெரியும். வலி குறைவு. இதனால்தான் லேசிக் என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. ஆனால் அந்த மடல் பழைய உறுதியோடு ஒட்டுவதே இல்லை. பலத்த அடி பட்டால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நகரலாம். கபடி ஆடும் பையனுக்கும், காவலர் பயிற்சிக்குப் போகிறவருக்கும் பிஆர்கே பொருத்தம் என்று சொல்லப்படுவது அதனால்தான். நாலு நாள் வலியைத் தாங்கினால் வாழ்நாள் முழுக்க மடல் பற்றிய கவலை இல்லை.

ஸ்மைல் என்பது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது. இதில் எக்ஸைமர் கதிர் கிடையாது. வேறொரு லேசரால் கருவிழிக்குள்ளேயே மெல்லிய வட்டத் திசு ஒன்றைச் செதுக்கி, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு திறப்பு வழியாக அதை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மடல் இல்லை. கருவிழியின் நரம்புகள் குறைவாக அறுபடுவதால் கண் உலர்ச்சியும் ஓரளவு குறைவு. மைனஸ் பவருக்கும் சிலிண்டருக்கும் நன்றாக வேலை செய்கிறது. பிளஸ் பவருக்கு இன்னும் லேசிக்கையே நாடுகிறார்கள். விளம்பரப் பலகைகளில் பார்க்கும் மற்றப் பெயர்களில் பல, இந்த மூன்றின் சிறு மாறுபாடுகளே.

இனி அந்தத் தடிமன் கணக்கு. இதை ஒவ்வொருவரும் தங்கள் பரிசோதனை அச்சைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களே போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் கருவிழி 510 மைக்ரான், பவர் மைனஸ் 6 என்று வைத்துக்கொள்வோம். லேசிக் மடலுக்கு 110 போய்விடும். ஒரு டயாப்டரைக் குறைக்க ஏறத்தாழ 14 மைக்ரான் திசுவை எடுக்க வேண்டும் என்றால், ஆறுக்கு 84. மிஞ்சுவது 316. மடலுக்கு அடியில் எப்போதும் குறைந்தது 250 மைக்ரானாவது இருக்க வேண்டும், 300 இருந்தால் நல்லது என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் எல்லை. எனவே இவருக்குச் செய்யலாம். அதே 510 மைக்ரான் கருவிழியில் பவர் மைனஸ் 9 என்றால் 126 மைக்ரான் எடுக்க வேண்டும். மிஞ்சுவது 274. இங்கே நல்ல மருத்துவர் தயங்குவார். தயங்க வேண்டும். "கொஞ்சம் பவரை விட்டுவிட்டுச் செய்துவிடலாம்" என்று எளிதாகச் சொல்லும் இடத்தில் இரண்டாவது கருத்து கேட்பதே புத்திசாலித்தனம்.

தடிமன் போதுமானதாக இருந்தாலும் வடிவம் சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பரிசோதனையில் கருவிழியின் வரைபடம் ஒன்று எடுப்பார்கள். தட்டையான இடம் நீலம், செங்குத்தாக வளைந்த இடம் சிவப்பு என்று திரையில் வண்ணமாகத் தெரியும். சீரான கருவிழியில் வண்ணங்கள் மேலும் கீழும் ஒத்திருக்கும். கீழ்ப்பாதியில் மட்டும் சிவப்புத் திட்டு விழுந்திருந்தால், கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோயின் தொடக்கமா என்று சந்தேகிப்பார்கள். கெரட்டோகோனஸ் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். தூசி அலர்ஜியால் அரித்து அரித்துக் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும். இவர்களுக்குச் சிலிண்டர் பவர் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும். வீட்டில் அதைச் சாதாரணக் கண்ணாடி மாற்றமாகவே நினைத்துக்கொள்வார்கள்.

இந்த நோய் ஒளிந்திருக்கும் கண்ணில் லேசிக் செய்தால், ஏற்கெனவே பலவீனமான சவ்வு மேலும் பிதுங்கும். அதன்பிறகு கண்ணாடியாலும் பார்வை சரியாகாத நிலை வரலாம். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போக நேரும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சி3ஆர் என்ற சிகிச்சை இருக்கிறது. ரிபோஃப்ளேவின் எனும் பி2 வைட்டமின் சொட்டுகளைக் கருவிழியில் ஊறவைத்து, புற ஊதா ஒளியை அளவோடு பாய்ச்சி, சவ்வின் இழைகளை ஒன்றோடொன்று இறுகச் செய்வார்கள். அது பவரைப் போக்காது. நோய் முற்றுவதை நிறுத்தும். லேசிக் செய்துகொள்ள வந்த பிள்ளைக்குக் கெரட்டோகோனஸ் இருப்பதாகச் சொல்லி மருத்துவர் திருப்பி அனுப்பினால், அவர் அந்தக் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த மருத்துவமனையில் செய்துகொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இந்த வரைபடப் பரிசோதனைக்கு முன் அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கடினமானது என்றால் மூன்று நான்கு வாரம். லென்ஸ் அழுத்திய கருவிழி தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்ப அவ்வளவு நாள் பிடிக்கும். காலையில் லென்ஸைக் கழற்றிவிட்டு மாலையில் பரிசோதனை செய்துகொண்டால் அளவுகள் பொய்யாகிவிடும்.

அதிக பவர், மெலிந்த கருவிழி என்று லேசர் கைவிட்டவர்களுக்கு உள்ளே பொருத்தும் லென்ஸ் ஒரு வழி. ஐசிஎல் என்பார்கள். இயற்கை லென்ஸை எடுக்காமல், அதற்கு முன்னாலும் கண்பாவையைச் சுற்றியுள்ள வண்ணத் திரைக்குப் பின்னாலுமாக மெல்லிய லென்ஸ் ஒன்றை நிறுத்துகிறார்கள். மைனஸ் 15, 18 என்று இருப்பவர்களுக்கும் இது பயன்படும். கருவிழியைச் செதுக்காததால் பார்வையின் தரம் நன்றாக இருக்கும். வேண்டாமென்றால் வெளியே எடுத்துவிடலாம். ஆனால் கருவிழிக்கும் இயற்கை லென்ஸுக்கும் இடையிலுள்ள முன்னறை போதுமான ஆழமாக, பொதுவாக 2.8 மில்லிமீட்டருக்குக் குறையாமல், இருக்க வேண்டும். கண்ணுக்குள் திறந்து செய்யும் சிகிச்சை என்பதால் தொற்று, கண் அழுத்தம், பிற்காலத்தில் புரை என்ற ஆபத்துகள் சிறிய அளவில் உண்டு. கருவிழியின் உட்புறச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளராதவை. அவற்றை ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவு மருத்துவக் காப்பீட்டில் சேராது என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளில் ஒன்று. லேசிக்குக்கு மிகவும் ஏற்ற மைனஸ் 2, 3, 4 பவர்காரர்கள் சொந்தப் பணத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். கோரிக்கை வைக்க இடமுள்ள பெரிய பவர்காரர்களில் பலருக்கு லேசிக் பொருந்துவதில்லை. அவர்கள் ஐசிஎல் பக்கம் போனால், தங்கள் பாலிசியில் அதற்கு இடமுண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது வேலைக்கு வருவோம். மைனஸ் 3 பவர் உள்ள கண்ணுக்குக் கண்ணாடியில்லாமல் தெளிவாகத் தெரியும் கடைசித் தூரம் 33 சென்டிமீட்டர். ஒரு மீட்டரை மூன்றால் வகுத்த கணக்கு. அந்த 33 சென்டிமீட்டர் என்பது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிறவர் கண்ணிகளைக் கோத்துப் பற்றவைக்கும்போது முகத்துக்கும் கைக்கும் இடையே இருக்கும் தூரம். அம்மாப்பேட்டையிலோ குகையிலோ தறியில் அறுந்துபோன பாவு நூலைத் தேடி எடுத்து முடிச்சுப் போடும் தூரமும் அதேதான். நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். இயற்கை லென்ஸ் இறுகி, பக்கத்தில் இருப்பதைக் குவிக்கும் வலுவை இழந்துவிடும். ஆனால் மைனஸ் 3 பவர் உள்ள நெசவாளி ஐம்பத்தைந்து வயதிலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தறியில் உட்காருவார். நூல் அவருக்குத் தெளிவாகத் தெரியும். பக்கத்துத் தறிக்காரர் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

இந்த நெசவாளி நாற்பத்திரண்டு வயதில் லேசிக் செய்துகொண்டால் என்ன ஆகும்? தூரம் பளிச்சென்று தெரியும். நூல் தெரியாது. நாள் முழுவதும் செய்யும் வேலைக்குக் கண்ணாடி போட்டாக வேண்டும். எப்போதாவது பார்க்கும் தூரத்துக்குக் கண்ணாடி தேவையிருக்காது. பிழைப்பை நடத்திய பார்வையை அவர் பணம் கொடுத்து இழந்திருப்பார். பரிசோதனை அறையில் யாரும் "என்ன வேலை செய்கிறீர்கள்" என்று கேட்காவிட்டால் இது நடந்துவிடும். எனக்கு இந்த விஷயத்தில் மிகுந்த வருத்தம் உண்டு. ஏனெனில் சிகிச்சை மருத்துவ ரீதியாக வெற்றி என்றே குறிப்பில் பதிவாகும். நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் சரிசெய்யும் முறை இருக்கிறது. அதைச் செய்துகொள்வதற்கு முன் அதே அளவில் காண்டாக்ட் லென்ஸ் போட்டு, தங்கள் பட்டறையிலேயே சில நாள் வேலை செய்து பார்க்க வேண்டும். நுண்வேலைக்காரர்கள் பலருக்கு ஆழம் பிடிபடாமல் கை தடுமாறும்.

வெள்ளெழுத்து வந்த பிறகு சிலர் இயற்கை லென்ஸையே எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்துக்கொள்கிறார்கள். கண்புரை சிகிச்சையும் இதே வேலைதான். புரை வந்த கண்ணில் செய்வது அவசியம், புரை வராத கண்ணில் செய்வது விருப்பம். அதிக மைனஸ் பவர் உள்ள, வயது குறைந்தவர்களுக்கு இதைச் செய்தால் விழித்திரை பிரியும் ஆபத்து கூடுகிறது. எனவே அவர்கள் அவசரப்படக் கூடாது. புரைக்கான சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் உள்நாட்டிலேயே லென்ஸ் செய்து விலையை இறக்கியதும், ஏழைகளின் கண்ணுக்கும் லென்ஸ் எட்டியதற்கு ஒரு பெரிய காரணம்.

லென்ஸ் தேர்விலும் தொழில் குறுக்கே வரும். மல்டிஃபோகல் லென்ஸ் தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும். வெளிச்சத்தைப் பங்கு போட்டுத் தருவதால் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். சங்ககிரியிலிருந்து இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவருக்கும், ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பனிமூட்டத்தில் வண்டி இறக்குகிறவருக்கும் அது ஆகாது. எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒவ்வொன்றும் பூவாக விரிந்தால் சாலையின் ஓரம் எங்கே தெரியும்? அவர்களுக்குச் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸும், சட்டைப் பையில் ஒரு படிக்கும் கண்ணாடியும் போதும். லேசிக்கிலும் இந்த வளையத் தொல்லை சில மாதங்கள் இருக்கலாம். இருட்டில் கண்பாவை மிகவும் பெரிதாக விரிகிறவர்களுக்கு அது நீடிக்கவும் கூடும்.

ரயில்வேக்குப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சேலம் 2007 முதல் கோட்டத் தலைமையிடம். இங்கே ரயில்வே வேலைக் கனவோடு படிப்பவர்கள் ஏராளம். உதவி லோகோ பைலட் பணிக்குப் பார்வைக் குறைபாட்டுக்காக லேசிக்கோ வேறு அறுவை சிகிச்சையோ செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று ரயில்வே தேர்வு வாரியத்தின் அறிவிக்கையே சொல்கிறது. வேலைக்காகச் செய்துகொண்ட சிகிச்சையே வேலையைப் பறித்துவிடும். பாதுகாப்புப் படைகளின் சில பிரிவுகள் ஏற்கின்றன. ஆனால் வயது, விழிக்கோள நீளம், சிகிச்சைக்குப் பின் கடந்த மாதங்கள் என்று வரிசையாக நிபந்தனைகள் உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையில் மருத்துவத் தகுதிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கருவிழியில் கை வைக்க வேண்டும்.

கல்யாணத்துக்காகச் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் தானே விரும்பினால் நல்லது, செய்துகொள்ளட்டும். மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடியைக் குறை சொன்னார்கள் என்பதற்காக நல்ல கண்ணை வெட்டுவது அநியாயம். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டாவது பவர் அரைப் புள்ளிக்கு மேல் மாறாமல் நின்றிருக்க வேண்டும். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் ஹார்மோன் மாற்றத்தால் கருவிழியின் வளைவும் பவரும் மாறக்கூடும். அப்போது அளவும் எடுக்கக் கூடாது, சிகிச்சையும் செய்யக் கூடாது. முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு செய்துகொள்வதும் தவறு. அடுப்புப் புகை, ஹோமப் புகை, கண் மை, முகப்பூச்சு என்று சிகிச்சை செய்த கண்ணுக்கு ஆகாதது அத்தனையும் கல்யாண வீட்டில்தான் இருக்கும்.

சிகிச்சைக்குப் பின் பெரும்பாலோரை வாட்டுவது கண் உலர்ச்சி. கருவிழியின் நரம்புகள் அறுபட்டதால் கண்ணீர் சுரக்கும் உணர்வு சில மாதங்கள் மந்தமாகிவிடும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளை நேரம் தவறாமல் விட வேண்டும். பட்டறையில் அனல் முன் உட்காருகிறவர்களுக்கும், கண்ணாடித் தடுப்பில்லாமல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இது அதிகமாகத் தெரியும். பிஆர்கே செய்துகொண்டவர்கள் முதல் சில மாதங்கள் வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகக் கூடாது. புற ஊதாக் கதிர் பட்டால் கருவிழியில் மங்கல் படியும். ஏற்காடு போன்ற உயரத்தில் குளிர்ச்சியை நம்பி ஏமாறக் கூடாது. மேலே போகப் போகப் புற ஊதாக் கதிரின் வலு கூடும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சொன்ன நாளில் நிறுத்திவிட வேண்டும். மருந்துக் கடையில் தானாக வாங்கி நீட்டித்தால் கண் அழுத்தம் ஏறும்.

இன்னொன்றையும் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதில் லேசிக் செய்தவருக்கு அறுபதில் புரை வரும். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். செதுக்கப்பட்ட கருவிழியில் வழக்கமான கணக்கு பிசகி, எதிர்பாராத பிளஸ் பவர் நின்றுவிடும். கருவிழி மெலிந்ததால் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகவே அளவில் காட்டும். சிகிச்சைக்கு முந்தைய வளைவு அளவு, பவர், தடிமன், வண்ண வரைபடம், எத்தனை மைக்ரான் எடுத்தார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை அச்சாகக் கேட்டு வாங்கி, பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குவிதி. அவற்றை அவர்கள் கட்டாயமாகப் பாதுகாக்க வேண்டிய காலம் மூன்றே ஆண்டுகள்.